மிச்சத்தின் தர்மம்

தனக்கு யாதொரு நஷ்டத்தையும் உண்டாக்காத பொருளை ஒருவன் பிறர்க்கு அளித்தால், அதைத் தானம் என்று சொல்லலாமா என்பது தர்ம விசாரத்தில் பழைய கேள்வி. 1981-ஆம் ஆண்டில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தொடங்கிய திட்டம் முதலாக, விமானக் கம்பெனிகள் அடிக்கடி பறப்போரின் கணக்கில் வரவு வைத்துவரும் மைல்கள் அக்கேள்விக்குப் புது உருவம் தந்திருக்கின்றன. அமெரிக்காவில் 2016-இல் தோன்றிய ‘மைல்ஸ் ஃபார் மைக்ரன்ட்ஸ்’ என்னும் தர்ம ஸ்தாபனம், அந்த மைல்களை யாசித்துப் பெற்று, அவற்றை விமான டிக்கெட்டுகளாக மாற்றி, குடியேறச் சட்டபூர்வமான அநுமதி கிடைத்தும் டிக்கெட்டுக்கு வழியின்றித் தவிக்கும் அகதிகளை அவர்தம் குடும்பத்தாரிடம் சேர்ப்பிக்கிறது. அமெரிக்க அரசாங்கத்தின் ஏற்பாட்டில் வந்து குடியேறிய அகதிகளுங்கூட, விமானக் கட்டணத்தை வட்டியில்லாக் கடனாகவே பெற்று, பின்னர் தவணைமுறையில் திருப்பிச் செலுத்தவேண்டியிருந்தது என்பதை நினைத்தால், அந்த டிக்கெட்டின் பாரம் விளங்கும்.

செல்வர் தம் மிகுதியிலிருந்து இட்ட பெருங்காணிக்கையைக் காட்டிலும், ஏழை விதவை தன் வறுமையிலிருந்து இட்ட இரண்டு காசுகளே அதிகம் என்பது ஏசுநாதரின் தீர்ப்பு. அந்தத் தராசில் மைல்தானம் இலேசானதுதான். கீதையின் 17-ஆவது அத்தியாயமோ, கொடுப்பவனுடைய இழப்பைப் பேசாமல், தேசமும் காலமும் பாத்திரமும் அறிந்து, பிரதிபலன் கருதாமல், கடமையென்று கொடுப்பதையே சாத்துவிக தானம் என்று வகுக்கிறது. இவ்விரண்டும் முரண்பட்டவை அல்ல. முன்னது நம் அகங்காரத்தை அடக்குவதற்கு, பின்னது நம் கையைத் திறப்பதற்கு. காலாவதியாகிப் போகவிருந்த மைல்களைக் கொடுத்தவன் தன்னைத் தியாகி என்று எண்ணிக்கொள்ள நியாயமில்லை. கொடாதவனோ, தனக்கு வேண்டாததையும் பிறர்க்கு மறுத்த உலோபியே ஆவான்.