கைப்பிடி மணல்

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் சாதாரண கார் நம்பர் பிளேட்டில் '10,000 ஏரிகள்' என்று போட்டிருக்கும். அடக்கமாகச் சொல்கிறார்கள். பத்து ஏக்கரும் அதற்கு மேலும் உள்ளவை மட்டுமே 11,842. அதனால் அங்கே படகு பணக்காரச் சமாசாரம் இல்லை. வாத்தியார் வீட்டு வாசலிலும் பதினாறடி அலுமினியப் படகு ஒன்று டிரெய்லர்மேல் உட்கார்ந்திருக்கும். சனிக்கிழமை ஆனால் காரின் பின்னால் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

படகை ஏரியில் இறக்குவது சுலபம். திரும்ப டிரெய்லரில் ஏற்றுவதில்தான் தத்துவச் சிக்கல் வருகிறது.

கரையிலிருந்து தண்ணீருக்குள் சரிந்து போகும் சிமென்ட் பாதைக்கு ராம்ப் என்று பெயர். காரை ரிவர்ஸ் எடுத்து டிரெய்லரை அதில் இறக்க வேண்டும். (ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தால் டிரெய்லர் இடப்பக்கம் போகும். நம்மூர் டிராக்டர் டிரைவர்களுக்கு இது பால பாடம்.) ரொம்ப ஆழம் போனால் படகு மிதந்து கோணிக்கொள்ளும். ஆழம் போதாவிட்டால் ஏறாது. டிரெய்லரின் முனையில் வின்ச் என்றொரு உருளை. அதன் பட்டையை இழுத்துப் படகின் மூக்கிலுள்ள வளையத்தில் மாட்டி, கைப்பிடியைச் சுற்றினால் கடக் கடக்கென்று படகு மேலே வரும். சில நிமிஷ வேலை, கொஞ்சம் தோள்வலி.

இன்னொரு குறுக்குவழி உண்டு. பவர் லோடிங். படகில் உட்கார்ந்தபடியே இன்ஜினை முடுக்கினால் அந்த வேகத்தில் படகு தானாக டிரெய்லரில் ஏறிக்கொள்ளும். நிமிஷம்கூட ஆகாது. பார்க்க ஸ்டைலாகவும் இருக்கும்.

அதில் என்ன தப்பு? படகு முன்னால் போக, புரொப்பல்லர் தண்ணீரைப் பின்னால் தள்ளுகிறது. அந்த வேகம், சிமென்ட் முடியும் இடத்தில் ஏரியின் தரையை அரிக்கிறது. அங்கே பள்ளம் விழுகிறது. அரித்த மண் சற்றுத் தள்ளிப்போய் மேடாகக் குவிகிறது. மேலேயிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. ஏரி வற்றியிருக்கும் ஒரு நாளில் எவரோ ஒருவர் டிரெய்லரைக் கொஞ்சம் கூடுதலாகப் பின்னால் இறக்குவார். சக்கரம் சிமென்ட் விளிம்பைத் தாண்டிப் பள்ளத்தில் விழும். வெளியே இழுத்தால் அச்சு போய் விளிம்பில் இடிக்கும். அடுத்தவரின் புரொப்பல்லர் அந்த மேட்டில் மோதும்.

பள்ளத்தைத் தோண்டியது யார்? யாரைக் கேட்டாலும், 'நான் இல்லை' என்பார். பொய்யும் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தள்ளியது கைப்பிடி மணல்.

ஜோனதன் க்ளோவர் என்ற பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் 1975-ல் இதற்கு ஒரு கதை சொன்னார். ஒரு கிராமத்தில் நூறு பேர் சாப்பிட உட்காருகிறார்கள். தட்டுக்கு நூறு பயறு. நூறு கொள்ளைக்காரர்கள் வந்து ஆளுக்கொரு தட்டைப் பிடுங்கித் தின்றுவிட்டுப் போகிறார்கள். மறுபடி வரும்போது மனசாட்சி உறுத்துகிறது. அதனால் ஆளுக்கு ஒரு தட்டு என்பதை விட்டுவிட்டு, ஒவ்வொருவரும் ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஒரே ஒரு பயறை எடுக்கிறார்கள். ஒரு பயறு குறைந்தால் யாருக்குப் பசிக்கும்? கிராமத்துக்கு அன்றைக்கும் பட்டினி. கொள்ளைக்காரர்கள் மட்டும் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள்.

'கோயில் படிகூடத்தான் தேயுது, நடக்கிறவன் எல்லாம் குற்றவாளியா?' என்று கேட்கலாம். இல்லைதான். நடக்காமல் படியேற வழி கிடையாது. ஆனால் இங்கே டிரெய்லர் முனையிலேயே வின்ச் இருக்கிறதே!

மினியாபொலிஸ் பக்கம் இருக்கும் நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி இதைவிடச் சிக்கல். "சார், பின்னால நாலு பேர் வண்டியோட காத்துக்கிட்டு நிக்கிறாங்க. நான் ஆற அமர சுத்திக்கிட்டு இருந்தா அவங்க நேரம் வீணாகாதா? சீக்கிரம் இடத்தைக் காலி பண்றதும் ஒரு மரியாதைதானே?"

சோம்பேறித்தனம் என்று தள்ளிவிட முடியாத வாதம். வரிசையில் நிற்பவர்களுக்கு முகம் இருக்கிறது, ஹாரன் இருக்கிறது. அச்சு உடையப் போகிறவர் இன்னும் வீட்டைவிட்டே கிளம்பவில்லை. நம்முடைய நாகரிகம் கண்ணுக்கு எட்டுகிற தூரம்வரைதான் போகிறது. அதில்கூட எனக்குப் புகார் இல்லை, மனுஷ சுபாவம். ஆனால் வரிசைக்குக் காட்டுகிற அந்த மரியாதையை யாருடைய பையிலிருந்து எடுத்துக் கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டாமா?

சொந்தப் பையிலிருந்தே கொடுக்கலாம். ராம்ப்பில் நேரம் போவது வின்ச் சுற்றுவதில் மட்டுமில்லை. தூண்டிலை மடக்குவது, கூலர் பெட்டியை இறக்குவது, பின்பக்கப் பட்டைகளை இறுக்குவது எல்லாவற்றையும் அங்கேயே நின்று செய்கிறார்கள். சாமான்களை முன்கூட்டியே ஒதுங்க வைத்துக்கொண்டு, படகு மேலே வந்ததும் வின்ச் பட்டையையும் பாதுகாப்புச் சங்கிலியையும் மட்டும் மாட்டி, மெல்ல ஓரமாக ஓட்டிப்போய் மற்றதைச் செய்தால் பின்னால் நிற்பவர்களுக்கும் நேரம் மிச்சம். நண்பரிடம் சொன்னேன். "அது சரி, தோள்வலி?" என்றார். எழுபது வயதுக்காரர் கேட்டிருந்தால் யோசித்திருப்பேன். அவருக்கு முப்பத்தெட்டு.

பவர் லோடிங் வேண்டாம் என்று மாநில இயற்கைவளத் துறை கேட்டுக்கொள்கிறது. பள்ளத்தில் கல்லைப் போட்டு நிரப்பலாம், சிமென்ட்டை இன்னும் நீட்டலாம். ஆனால் இன்றைய இன்ஜின்களின் வேகத்துக்கு, நீட்டிய சிமென்ட் முடிகிற இடத்தில் அடுத்த பள்ளம் விழ அதிக நாள் ஆகாது.