அடைக்கலத்திற்குக் காலக்கெடு இல்லை

இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கை 2025 மே மாதம் விசாரித்த உச்ச நீதிமன்ற அமர்வு, உலகெங்குமிருந்து வரும் அகதிகளை வைத்துப் பேண இந்தியா தர்மசாலை அன்று என்னும் பொருள்படக் கருத்துரைத்தது, தமிழ் நிலம் நெடுங்காலம் போற்றிய அறம் ஒன்றை ஐயத்திற்கு உள்ளாக்கியது. போருக்குத் தப்பி வந்த குடும்பத்திற்கு இடங்கொடுத்தல் ஈகை அன்று, கடமை. ஆண்டுகள் கழிவதால் அக்கடமை தேய்வதும் இல்லை.

ஈகை என்பது கொடுப்போர் விரும்பும்போது நிறுத்தக்கூடியது. அடைக்கலமோ, உயிருக்கு அஞ்சி வந்தவரைத் தம் பொறுப்பில் ஏற்று இறுதிவரை காத்தல். சிலப்பதிகாரம் இதற்கெனவே அடைக்கலக் காதையை வைத்தது. அங்கே மதுரைப் புறஞ்சேரியில் கவுந்தியடிகள் கண்ணகியை ஒப்படைப்பது அரண்மனையிடம் அன்று, மாதரி என்னும் ஆயர்குல மூதாட்டியிடம். முன்பின் அறியாத அவளுக்கு மாதரி தங்க மனை தந்து, சமைக்கச் சாலி அரிசியும் மாதுளங்காயும் பாலும் தருகிறாள், பின்னர் அடைக்கலப் பொருளைக் காக்க இயலாமற்போனதற்காகத் தீயிற்புகுந்து உயிர் விடுகிறாள். அமுதசுரபி ஏந்திய மணிமேகலையும், விருந்தோம்பலை இல்வாழ்வின் பயனாக வைத்த வள்ளுவரும் இவ்வழியினரே.

மதுரையை அடுத்த மேலூர் வட்டாரத்திற்கு இவ்வறம் இன்னும் நெருக்கமானது. வள்ளல் பாரியின் பறம்பு எனக் கருதப்படும் பிறான்மலை இப்பகுதிக்கு அணித்தே உள்ளது. பாரி மாண்டபின் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு அவன் நண்பரான புலவர் கபிலர் வாயில்வாயிலாக அலைந்தார். குறுநில மன்னரான விச்சிக்கோனும் இருங்கோவேளும் அவர்களை ஏற்க மறுத்தனர் என்பர். பறம்பை முற்றிய மூவேந்தருள் மதுரைப் பாண்டியனும் ஒருவன் என்பது மறக்கத்தக்கதன்று. அக்கபிலர் பிறந்த ஊர் என வழங்கப்படும் திருவாதவூரில் இன்று இலங்கைத் தமிழர் முகாம் உள்ளது. இலங்கையில் 1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் அலையலையாகப் படகேறி வந்தோர்க்கெனத் தமிழகமெங்கும் அமைந்தவற்றுள் அதுவும் ஒன்று. இத்தகைய முகாம்களின் ஆண்களில் பலர் பெயிண்ட் அடிக்கும் கூலிவேலைக்குச் செல்வோர். செக்கிங் எனப்படும் ஆள்கணக்கு நாளில் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாக வேண்டும்.

எல்லையைக் காக்கவும் வருவோரைப் பதியவும் அரசுக்கு உரிமை உண்டு என்பது மெய்யே. ஆயின் பதிந்து, நாற்பதாண்டு கண்ணெதிரே வைத்திருந்த குடும்பத்திற்கு எதிராக அவ்வுரிமையை நீட்டுவது முறையாகாது.

ஊரார் தம் பங்கைச் செய்தனர். பிள்ளைகளைப் பள்ளிகள் சேர்த்துக்கொண்டன. 2021இல் மாநில அரசு அகதிகள் முகாம் என்னும் பெயரை மறுவாழ்வு முகாம் என மாற்றி, குடும்பத் தலைவருக்கான மாத உதவியை 1,500 ரூபாயாக உயர்த்தியது. ஆயின் அகதிகள் பற்றிய 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையைச் சேர்க்கவே இல்லை. 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிந்த இலங்கைத் தமிழரைக் குடியேற்றச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கும் நடுவண் அரசின் ஆணை 2025 செப்டம்பரில் வெளிவந்தது. அது வரவேற்கத்தக்கது, ஆனால் போதாது. பெற்றோர் இருவரும் இலங்கைக் குடிமக்களாயின், முகாமிலேயே பிறந்து தமிழகப் பள்ளியிலேயே படித்த பிள்ளைக்கும் அவ்வாணை குடியுரிமை தரவில்லை. அதைத் தரும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்ற வேண்டும்.