மிச்சம் பிடித்ததை என்ன செய்தீர்கள்?

பண்ருட்டியில் யாராவது கார் சீட்டைச் சூடாக்க மெத்தை கேட்டால் சிரிப்பீர்கள். சித்திரை வெயிலில் நிறுத்தி வைத்த காரில் ஏறி உட்கார்ந்தவருக்குத் தெரியும், நம் ஊரில் சூடு இலவசம்.

ஆனால் டொரண்டோவில் இருக்கும் பிள்ளைக்கு ஜனவரியில் போன் போட்டுக் கேளுங்கள். வெளியே மைனஸ் 15 டிகிரி. ஹைபிரிட் காரின் சீட் மேல் ஒரு மெத்தையை விரித்து, ஒயரை சிகரெட் லைட்டர் துளையில் செருகியிருப்பான். முதுகு இதமாக இருக்கும்.

‘‘ஹீட்டர்தான் இருக்கே, இது எதுக்குடா?’’

காரணம் இருக்கிறது. ஹைபிரிட் கார் சிக்னலில் நிற்கும்போது எஞ்சினை அணைத்துவிடும். மெதுவாகப் போகும்போது பாட்டரியிலேயே ஓடும். பெரும்பாலான ஹைபிரிட்களில் ஹீட்டருக்குச் சூடு தருவது எஞ்சின். ஹீட்டரைப் போட்டால், அந்தச் சூட்டுக்காகவே எஞ்சின் எழுந்து பெட்ரோல் குடிக்கும். மெத்தைக்கோ சுமார் 50 வாட் போதும். பழைய குண்டு பல்பு அளவு.

வண்டி முழுவதையும் சூடாக்காதே, குளிர்கிறவனைச் சூடாக்கு. நல்ல தத்துவம். நம் பாட்டியின் பனையோலை விசிறியும் இதைத்தான் செய்தது. முகத்துக்குக் காற்று போதும், கூடத்துக்கு எதற்கு?

இதுவரை சரி. அடுத்த கேள்விதான் சங்கடமானது. மிச்சம் பிடித்த பெட்ரோல் என்ன ஆயிற்று?

‘‘அதான் செலவு கம்மியாச்சே... லீவுல நயாகரா ஒரு ரவுண்டு போய்ட்டு வந்தோம்.’’

1865-லேயே ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயர் இதை எழுதிவிட்டார். நீராவி எஞ்சின் சிக்கனமாகச் சிக்கனமாக, இங்கிலாந்தில் நிலக்கரிச் செலவு குறையவில்லை, ஏறியது. மலிவானதும் எல்லாரும் எஞ்சின் வைத்தார்கள். சிக்கனம் ஒரு கதவைச் சாத்தி, நாலு கதவைத் திறந்துவிட்டது.

கனடாக்காரனை மட்டும் சொல்வானேன்? நாமும் ஐந்து நட்சத்திர ஏ.சி. வாங்குகிறோம். கரண்ட் கம்மிதானே என்று ராத்திரி முழுக்க 18-ல் ஓடவிட்டு, குளிர் தாங்காமல் கம்பளி போர்த்திக்கொண்டு தூங்குகிறோம்!

அந்தக் கரண்டில் ஒரு பங்கு பண்ருட்டிக்குப் பக்கத்து நெய்வேலியிலிருந்து வருகிறது. 1962 முதல் அங்கே மின்சாரம் எடுக்கிறார்கள். பழுப்பு நிலக்கரியில் ஏறத்தாழ பாதி ஈரம். எரித்த சூட்டில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதி காற்றோடு போகிறது. அந்தக் கரியை எடுக்க, அதைப்போல் பல மடங்கு மண்ணை அள்ள வேண்டும். அந்த மண் யாரோ ஒருவருடைய வயல்.

2023 ஜூலையில், சேத்தியாத்தோப்புக்கு அருகே வளையமாதேவியில், பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, நின்றிருந்த நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே எடுத்தாயிற்று, இழப்பீடும் கொடுத்தாயிற்று என்றது நிர்வாகம். இருக்கலாம். கதிராகப் போகிற பயிரைப் பார்த்துக்கொண்டு நின்றவருக்கு அந்தக் கணக்கு ஆறுதலாக இருந்திருக்குமா?

‘‘நான் ஒருத்தன் ஏ.சி.யை நிறுத்தினா சுரங்கம் நின்னுடுமா சார்?’’ என்பீர்கள். நிற்காது. நெய்வேலி கரண்டில்தான் ஆஸ்பத்திரியும் நடக்கிறது, பிள்ளைகளும் படிக்கிறார்கள். சுகமே பாவம் என்று நான் சொல்லவில்லை. குளிரில் முதுகுக்குச் சூடு வேண்டும். வெயிலில் ராத்திரி தூக்கம் வேண்டும்.

ஆனால் குறைவாகச் செலவழிப்பது வேறு, மிச்சத்தை விட்டுவைப்பது வேறு. முதலாவதற்கு நல்ல இயந்திரம் போதும், கடையில் கிடைக்கிறது. இரண்டாவதற்கு ‘போதும்’ என்று சொல்ல ஒரு மனசு வேண்டும். அதற்கு எந்த நட்சத்திர முத்திரையும் கிடையாது.

இன்று ராத்திரி ரிமோட்டைக் கையில் எடுக்கும்போது, கம்பளி பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், 26-ல் வையுங்கள்.