பலகையில் யாருக்கு எது

ஒரே தட்டில் எல்லாரும் கைநீட்டி எடுத்தால்தான் சமத்துவம் என்பது என் மகளின் கட்சி. அதனால்தான் தீபாவளித் திறந்த இல்லத்துக்கு சார்க்குட்ரி பலகை வைக்கலாம் என்கிறாள். பங்சாரில் யாரோ தோழி வீட்டில் பார்த்தாளாம். வட்டமான மரப்பலகை, ரோஜாவாக மடித்த சலாமித் துண்டுகள், இரண்டு மூன்று வகை சீஸ், திராட்சைக் கொத்து, முந்திரி, பிஸ்கட், நடுவில் சின்னக் கிண்ணத்தில் தேன். பலகையின் மரம் கண்ணில் படக் கூடாது, ஒன்று இன்னொன்றின் மேல் சரிந்து கிடக்க வேண்டும், அதில்தான் அழகே என்றாள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கிள்ளானில் எங்கள் வீட்டு வரவேற்பறைக்கு வருபவர்களை நினைத்தால், அந்தச் சரிவில்தான் சிக்கல் இருக்கிறது.

பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பம் வரும். துறைமுகத்தில் என்னோடு வேலை பார்த்த சீனர் வருவார். குவான் யின் பக்தர், மாட்டிறைச்சி தொடமாட்டார். என் அக்காவும் அத்தானும் வருவார்கள், கந்த சஷ்டிக்கு அசைவம் விட்டு விரதம் இருப்பவர்கள். அமாவாசை கழிந்த பிரதமையிலேயே கந்த சஷ்டி தொடங்கிவிடுகிறது. 2025இல் தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. ஆற அமர விருந்து வைக்க வார இறுதிதான் தோது. அந்த வார இறுதியோ விரதத்துக்கு நடுவில் வந்து நின்றது.

பன்றியும் மாடும் இந்த நாட்டில் பொது மேசையிலிருந்து தாமாகவே விலகிவிடும். ஜாக்கிம் ஹலால் முத்திரை போட்ட கோழி சலாமி கிடைக்கிறது, அது பெரிய விஷயமில்லை. சீஸ்தான் ஆளை ஏமாற்றும். பாலைத் திரிக்க ரென்னட் என்று ஒரு நொதி சேர்க்கிறார்கள். பழைய முறையில் அது கன்றின் இரைப்பையிலிருந்து எடுப்பது. பார்மிஜானோ ரெஜியானோவை இன்றும் அப்படித்தான் செய்தாக வேண்டும், இத்தாலியில் அதற்குச் சட்டமே உண்டு. பசுவைத் தெய்வம் என்று கும்பிட்டுவிட்டு அதன் கன்றின் இரைப்பையைத் துருவித் தூவிக்கொள்ளும் வீடுகள் நம்மில் எத்தனையோ. எலுமிச்சை பிழிந்து திரித்த பனீரில் அந்தத் தொல்லை இல்லை, அக்காவுக்கு அது போதும்.

பிறகு அந்தப் பலகை. மரம் உறிஞ்சும். ஷாஃபி மத்ஹபின்படி பன்றி பட்ட பாத்திரத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். மலாய்க்காரர்கள் சமாக் என்பார்கள். மனு ஸ்மிருதியும் மரச் சாமான் தீட்டுப்பட்டால் மேல்பரப்பை இழைத்து எடு என்கிறது. இரண்டு மதத்துக்கும் மரத்தின் மேல் ஒரே சந்தேகம்! பன்றி மயிர்த் தூரிகைகளை 2017இல் கடை கடையாகப் பறிமுதல் செய்த நாடு இது. தோழியிடம் பலகையை இரவல் வாங்கலாம் என்றாள் மகள். அதில் முன்பு என்ன வைத்தார்களோ, யாருக்குத் தெரியும்? பிரிக்பீல்ட்ஸில் வாழையிலை வாங்கி அவரவருக்கு உரியதைத் தனித்தனி இலையில் வைத்தால் அந்தக் கேள்வியே எழாது.

“இப்படித் தனித்தனியா பிரிச்சு வைக்கிறது பழைய பந்தி மாதிரி இல்லையாப்பா?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிச்சாப்பாடு போட்டதால் வந்த சண்டை 1925இல் பெரியார் காங்கிரசை விட்டுப் போனதற்கான காரணங்களில் ஒன்று. 1929 கடைசியில் அவரே மலாயாவுக்கு வந்து சாதி ஒழிப்பைப் பேசினார். அதைக் கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம், தனி இலை என்றால் நமக்குச் சுருக்கென்றுதான் இருக்கும். ஆனால் குருகுலத்தில் கோடு போட்டவன் பரிமாறியவன். உண்பவனை அவன் தள்ளி உட்கார வைத்தான். என் வீட்டில் கோடு உண்பவருடையது. அவர் கடவுளுக்கும் அவருக்கும் நடுவே உள்ள ஏற்பாட்டை என் பலகையின் அழகுக்காக நான் அழிக்க முடியாது.

அப்படியானால் முழுக்கச் சைவமாகவே வைத்துவிடலாமே என்றாள். 1867இல் வடலூரில் வள்ளலார் தொடங்கிய தருமச்சாலை சாதி, மதம் பார்க்காமல் எல்லாருக்கும் சைவச் சோறுதான் போட்டது. அவருக்கு அது ஜீவகாருண்யம். அடுப்பில் ஆட்டிறைச்சிப் பிரட்டலை மூடி வைத்துவிட்டு முன்னால் சைவத்தைப் பரப்பினால் அது வெறும் சௌகரியம்.

தீபாவளிக்கு முதல் நாள் இரவு அப்பாவுக்குப் படையல் போடுகிறோம். பிரட்டல், பொரித்த மீன், முறுக்கு, ஒரு கிளாஸ் ஸ்டவுட். ஆன்மா அதைக் குடிக்கிறதா என்று சித்தாந்தம் படித்தவர்கள் வாதாடட்டும். அவர் முன்னால் ‘யாருக்கும் ஆட்சேபம் இல்லாத’ ஒன்றை வைக்க எனக்கு மனம் வராது. செத்தவருக்கு அவ்வளவு பார்க்கிறோம். உயிரோடு வந்து உட்காரும் பக்கத்து வீட்டுக்காரரை மட்டும் ‘எல்லாருக்கும் பொது’ என்ற கணக்கில் சேர்த்துவிடுகிறோம்.

அந்த மலாய்க்காரர் என் கத்தியையோ அடுப்பையோ சோதிக்கப் போவதில்லை. சுத்தம் பண்டத்தில் இருக்கிறதா, கொடுப்பவன் வாக்கில் இருக்கிறதா என்று கேட்டால், விருந்தில் வாக்கில்தான் என்பேன். அவர் வாய்விட்டு “இது ஹலாலா?” என்று கேட்கும்படி ஆகிவிட்டால் அப்போதே விருந்தில் குறை வந்துவிட்டது. நான் துறைமுகத்தில் டேலி கிளார்க்காக இருந்தவன். பெட்டிக்குள் இருப்பது பெட்டியின் வெளியே எழுதியிருக்க வேண்டும் என்பது ஊறிப்போன பழக்கம். சலாமியின் பிளாஸ்டிக் உறையை முத்திரை தெரியும்படி தட்டுப் பக்கத்திலேயே வை என்றேன். “அசிங்கமா இருக்கும்ப்பா, போட்டோவில விழும்,” என்றாள்.

மூன்று இலை, மூன்று இடுக்கி என்பதில் உடன்பட்டோம். உறை விஷயத்தில் அவள் இன்னும் இறங்கி வரவில்லை. போட்டோ எடுத்து முடிக்கும்வரை அது சமையலறையில் இருக்கட்டும், முதல் விருந்தாளி செருப்பைக் கழற்றும்போது மேசைக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.