ஆணையை மீறிய படை

"ஜப்பான்காரன் காலம்" என்னும் தொடரைக் கேளாத மலேசியத் தமிழ்க் குடும்பம் அரிது. பழைய கிள்ளான் சாலையை அடுத்துள்ள கம்போங் மேடானிலும் அதன் சுற்றுப்புறங்களிலும், தோட்டங்களை விட்டு வெளியேறி வந்து குடியமர்ந்த குடும்பங்களில், அத்தொடர் தலைமுறை கடந்தும் வழங்கி வருகிறது. அது நினைவூட்டும் காட்சிகளுள் முதலாவது காவற்சாவடி. துப்பாக்கி ஏந்திய சிப்பாய் நிற்பான். அவன்முன் இடுப்பை வளைத்து வணங்காமல் எவரும் கடந்துபோக இயலாது. வணங்க மறந்தவன் கன்னத்தில் அறை விழும். அச்சிப்பாயும் தன் மேலாளன் எதிரில் விறைத்து நின்றான். அவன் அறைந்தால் அசையாமல் வாங்கிக்கொண்டான். ஆகவே கீழ்ப்படிதலின் முழுவடிவம் ஜப்பானியப் படை என்றே நம் முதியோர் எண்ணினர். அவ்வாறு எண்ணியதில் வியப்பில்லை.

வரலாற்று ஏடுகள் காட்டும் படமோ வேறு. 1928 முதல் 1941 வரையில் அப்படையின் அதிகாரிகள் தம் நாட்டு அரசாங்கத்தின் சொல்லைக் கேட்காமலும், சில வேளை தாம் தெய்வமென்று போற்றிய பேரரசரின் மனத்தை மதிக்காமலும் நடந்தனர். காவற்சாவடியில் நின்றவனைப் பணிவிக்கத் தெரிந்தவர்கள் தாம் பணிய மறுத்தார்கள். தலைமை கட்டளையிட, கை கேட்காமல் தன்போக்கில் வெட்டிற்று என்றால், அந்தக் கையின் செயலுக்கு யார் பொறுப்பு? அநீதியான ஆணையை மீறுவது அறம் என்று நாமே மாணவர்க்குக் கற்பிக்கிறோமே, அப்படியானால் இந்த மீறல் மட்டும் எவ்வாறு தீதாயிற்று? இவ்வினாக்களை நம்மவர் தள்ளிவிட முடியாது. அந்தக் கை வெட்டிய இடங்களுள் மலாயாவும் ஒன்று.

ஜப்பானின் 1889ஆம் ஆண்டு அரசியலமைப்பு, தரைப்படை, கடற்படை ஆகியவற்றின் தலைமையைப் பேரரசரிடம் ஒப்படைத்தது. அதற்கு முன்பே, 1878இல், படைத்தலைமையகம் அமைச்சரவையிலிருந்து பிரிக்கப்பட்டுப் பேரரசரிடம் நேரே அறிக்கை தரும் உரிமை பெற்றிருந்தது. பிரதமருக்குப் படையை நடத்துவதில் வாயில்லை. பேரரசரோ வழக்கமாக நேரில் ஆணையிடுவதில்லை. எனவே ஆட்சியும் படையும் ஒரே கூரையின்கீழ் இரண்டு அடுப்புகளாயின. 1900இல் இன்னொரு விதி வந்தது. தரைப்படை, கடற்படை அமைச்சர்கள் பணியிலுள்ள தளபதிகளாகவே இருக்கவேண்டும் என்பது அது. படைக்கு ஒரு பிரதமரைப் பிடிக்கவில்லை என்றால் அமைச்சர் பதவிக்கு ஆள் தர மறுத்தாலே போதும், அமைச்சரவை கவிழ்ந்துவிடும். 1912இல் கொரியாவில் நிறுத்த மேலும் இரண்டு படைப்பிரிவுகள் கேட்டபோது சையோஞ்சி அரசு இணங்கவில்லை. தரைப்படை அமைச்சர் விலகினார், மாற்றாள் தரப்படவில்லை, அரசு வீழ்ந்தது. மறு ஆண்டு அவ்விதி தளர்த்தப்பட்டது உண்மையே. ஆயினும் 1936இல் அது மீண்டும் உயிர்பெற்றது.

சட்டத்தில் ஓட்டை இருந்தது என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் ஓட்டையுள்ள கூரைகள் உலகில் ஏராளம். எல்லா வீடும் இடிந்துவிடுவதில்லை. இடித்தது எது என்பதை 1928ஆம் ஆண்டு நிகழ்ச்சி காட்டுகிறது.

அவ்வாண்டு ஜூன் 4ஆம் நாள், மஞ்சூரியாவை ஆண்ட சாங் சோலின் பயணம் செய்த இரயில் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. அவர் மாண்டார். செய்தவர் அங்கு நிலைகொண்டிருந்த ஜப்பானியக் குவாந்துங் படையின் கர்னல் கோமொட்டோ. தோக்கியோவிலிருந்து அவருக்கு அப்படியோர் ஆணை போகவில்லை. பிரதமர் தனகா தாமே ஒரு தளபதியாக இருந்தவர். குற்றவாளிகளைத் தண்டிப்பதாகப் பேரரசரிடம் கூறினார். படைத்தலைவர்களோ உடன்படவில்லை. நாட்டின் மானம் போய்விடும், படையின் ஊக்கம் குன்றிவிடும் என்றனர். எல்லாவற்றுக்கும் மேலாக, கோமொட்டோ தன்னலத்துக்காகச் செய்யவில்லையே என்றனர். இறுதியில் பிரதமர் தம் சொல்லிலிருந்து பின்வாங்கினார். பேரரசர் கடிந்துகொண்டார். 1929 ஜூலையில் தனகா பதவி துறந்தார். செப்டம்பரில் உயிரும் துறந்தார். கோமொட்டோவுக்குக் கிடைத்த தண்டனை படைப்பணியிலிருந்து விலக்கம் மட்டுமே. பின்னாளில் அவர் தென்மஞ்சூரிய இரயில் நிறுவனத்தின் இயக்குநர்களுள் ஒருவரானார். இரயிலைத் தகர்த்தவருக்கு இரயில் நிறுவனத்திலேயே பதவி!

இதற்குச் சரியாக 50 ஆண்டுகளுக்கு முன், 1878இல், தோக்கியோவில் அரண்மனைக் காவற்படையின் பீரங்கிப் பிரிவு வீரர் சிலர் ஊதியக் குறைப்பை எதிர்த்துக் கலகம் செய்தனர். அவர்களுள் 50க்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். வயிற்றுக்காக ஆணை மீறிய எளியவனுக்குத் தோட்டா. நாட்டுக்காக என்று சொல்லி ஆணை மீறிய அதிகாரிக்கு மன்னிப்பு. மீறலை எடைபோட்ட தராசு செயலைப் பார்க்கவில்லை. மீறியவனின் தகுதியையும் அவன் சொன்ன காரணத்தையும் பார்த்தது.

வகுப்பறையை நடத்தியவர் எவரும் இதனை உணர்வர். முதல்நாள் குறும்பைக் கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டால், இரண்டாம் நாள் அது வழக்கமாகிவிடும். மூன்றாம் நாள் தடுப்பவரே குற்றவாளியாவார். மூன்றே ஆண்டுகளில் அதுதான் நிகழ்ந்தது. 1931 செப்டம்பர் 18 இரவு, இஷிவாரா, இத்தகாக்கி என்னும் இரு அதிகாரிகளின் திட்டப்படி முக்டென் அருகே இருப்புப்பாதையில் சிறு வெடி வைக்கப்பட்டது. சேதம் மிகச் சிறிது. சற்று நேரத்தில் ஓர் இரயிலே அவ்வழியே கடந்து சென்றது. எனினும் சீனர் தாக்கினர் என்று கூறிப் படை பாய்ந்தது. படையைக் கட்டுப்படுத்தும்படி தோக்கியோவிலிருந்து அனுப்பப்பட்ட தளபதி தத்தேகாவா அன்று மாலையே முக்டெனுக்கு வந்துவிட்டார். வந்தவர் நேரே விருந்து விடுதிக்குப் போனார்! கடிதத்தைக் கொடுப்பதற்குள் போர் தொடங்கிவிட்டது. கொரியாவிலிருந்த தளபதி ஹயாஷி பேரரசரின் அனுமதி பெறாமலே எல்லை தாண்டித் தம் படையை மஞ்சூரியாவுக்குள் அனுப்பினார். பேரரசரின் ஆணையின்றிப் படையை எல்லை கடத்துவது மரண தண்டனைக்குரிய குற்றம். அமைச்சரவை கூடியது, நடந்தது நடந்துவிட்டது என்று செலவுக்குப் பணம் ஒதுக்கியது. 1937இல் அதே ஹயாஷி ஜப்பானின் பிரதமரானார். இத்தகாக்கி 1938இல் தரைப்படை அமைச்சரானார்.

அடுத்து நடந்தவை விரைந்தோடும் காட்சிகள். 1932 மே 15இல் பிரதமர் இனுக்காயைக் கடற்படை இளம் அதிகாரிகள் அவர் இல்லத்திலேயே சுட்டுக் கொன்றனர். முதியவர் அவர்களை அமரச் செய்து பேசவே முயன்றார். கொன்றவர்கள் தூய உள்ளத்தினர் என்று கருணை வேண்டி இலட்சக்கணக்கானோர் கையொப்பமிட்டனர். அந்த அதிகாரிகளுள் ஒருவர்க்கும் மரண தண்டனை இல்லை. 1936 பிப்ரவரி 26இல் ஏறத்தாழ 1,400 வீரர்கள் தலைநகரின் நடுப்பகுதியைக் கைப்பற்றி, நிதியமைச்சர் தகஹாஷி உள்ளிட்டோரைக் கொன்றனர். இம்முறை பேரரசர் சினந்தார், கலகம் அடங்கியது, தலைவர்கள் சுடப்பட்டனர். அதன் பயனை நுகர்ந்ததும் படையே. மறுபடி கலகம் மூளும் என்ற அச்சத்தைக் காட்டியே அது அரசைத் தன் விருப்பப்படி வளைத்தது.

இவர்கள் எல்லாரும் தம் செயலுக்கு ஒரே சொல்லைக் காரணம் காட்டினர்: தூய உள்ளம். அதை முற்றும் பொய்யென்று தள்ளுவது நேர்மையாகாது. இளம் அதிகாரிகளுள் பலர் வறுமைப்பட்ட சிற்றூர்களின் துயரைத் தம் கீழிருந்த வீரர் வாயிலாக அறிந்தவர்கள். சிலர் உண்மையாகவே மனங்கசிந்தவர்கள். ஆனால் உள்ளத்தின் தூய்மையை அளக்க எந்த நீதிமன்றத்திடமும் படி இல்லை. அளக்க முடியாத ஒன்றைத் தீர்ப்புக்கு அடிப்படையாக்கிய நாட்டில், அதனை உரக்கச் சொல்பவனே வென்றான்.

இதே காலத்தில் இந்தியாவிலும் ஒரு படை ஆணையை மீறியது. 1930 ஏப்ரல் 23இல் பெஷாவரில் ஆயுதமற்ற மக்கள் திரண்டு நின்றபோது, அவர்கள்மீது சுடும்படி கார்வால் ரைபிள்ஸ் பிரிவினர்க்கு ஆணை பிறந்தது. சந்திர சிங் கார்வாலியும் அவர் தோழர்களும் சுட மறுத்தனர். படைநீதிமன்றம் சந்திர சிங்குக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அவர் விடுதலையானது 1941இல். அவரும் ஆணை மீறியவர். கோமொட்டோவும் ஆணை மீறியவர். ஒருவர் துப்பாக்கியைத் தாழ்த்தினார். மற்றவர் குண்டு வைத்தார். ஒருவர் தாம் செய்ததைத் தாமே செய்ததாக ஒப்பி, அதன் விலையைத் தம் இளமையைக் கொண்டு கொடுத்தார். மற்றவர் பழியைச் சீனர்மேல் சுமத்தினார். விலையைப் பிறர் கொடுத்தனர். சிலப்பதிகாரத்துப் பாண்டியனை நம் மாணவர் இன்றும் மறவாமைக்குக் காரணம், தவற்றின் விலையை அவன் வேறெவர் தலையிலும் கட்டாமைதான்.

படை குடிமை அரசுக்கு அடங்கியிருந்தால் மட்டும் நீதி விளைந்துவிடுமா? கிள்ளான் வட்டாரத் தமிழர் அப்படி நம்ப இயலாது. 1941இன் தொடக்கத்தில் இவ்வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வு கேட்டனர். துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கவேண்டும் என்ற இழிவை நீக்கக் கேட்டனர். அவர்களின் தலைவர் ஆர்.எச். நாதன் மே மாதத்தில் கைது செய்யப்பட்டுப் பின் நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசர நிலை அறிவிக்கப்பட்டது, படை இறக்கப்பட்டது, தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். இங்கே படை அரசின் ஆணையை மீறவில்லை, சரியாக நிறைவேற்றியது. அந்த அரசு தோட்டத் தொழிலாளிக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டதாக இல்லை. குறை அங்கே இருந்தது. எனினும் ஆணையிட்டவர் யாரென்று தெரிந்தது. அவரை எதிர்த்துக் கேட்க வழி குறுகலாகவேனும் இருந்தது. ஏழு மாதங்களில் அதுவும் அடைபட்டது.

அடைத்த படையோடு வந்தவர்களுள் சூஜி மசனோபு என்றோர் அதிகாரி இருந்தார். 1939இல் மங்கோலிய எல்லையில் நோமொன்ஹான் போர் மூளவும் பெருகவும் முதற்காரணராக இருந்தவர்களுள் அவர் ஒருவர். தோக்கியோவுக்கு மறைத்து, சோவியத் வான்தளத்தின்மீது குண்டுவீசத் திட்டமிட்டவர்களுள்ளும் ஒருவர். அப்போரில் ஜப்பானியர் பல்லாயிரவர் மடிந்தனர். தோல்விக்குக் கழுவாயாகக் களத்தில் நின்ற தளபதியர் சிலர் தற்கொலைக்குத் தள்ளப்பட்டனர். சூஜிக்குக் கிடைத்தது இடமாற்றம். மாற்றலாகிப் போனவரிடம் பின்னர் ஒப்படைக்கப்பட்ட பணி, மலாயாப் படையெடுப்புக்குத் திட்டம் வகுப்பது! 1941 டிசம்பர் 8இல் கோத்தா பாருவில் படை இறங்கியது. 1942 ஜனவரி 11இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. பிப்ரவரி 15இல் சிங்கப்பூர். அதன்பின் சிங்கப்பூரில் சீனர்களைத் திரட்டிக் கொன்றழித்த கொடுமையை முன்னின்று தூண்டியவர் அவரே என்பது வரலாற்றாசிரியர் பலரின் முடிவு. 1939இல் தண்டிக்கப்படாத கை 1942இல் எதைச் செய்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

தமிழர்க்கு வந்த துயரம் வேறு வழியாக வந்தது. சயாம்–பர்மா இரயில்பாதை மேலிட ஆணைப்படி, ஏட்டில் பதிந்து, முறையாகத் தொடங்கப்பட்ட பணி. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். மூன்று மாத வேலை, நல்ல கூலி என்றனர் முதலில். ஆள் சேரவில்லை என்றதும் இலவசப் படக்காட்சிக்கு அழைத்துக் கதவை மூடிப் பிடித்துச் சென்றதும் உண்டு. அங்கே மேலதிகாரி சிப்பாயை அறைந்தான். சிப்பாய் கொரியக் காவலனை அறைந்தான். கொரியன் கைதியையும் கூலியையும் அறைந்தான். கூலிக்குக் கீழே அறைவதற்கு ஆளில்லை. அவன்மேல் வாந்திபேதியும் மலேரியாவும் இறங்கின. உயர்நிலையில் எவ்வளவு துணிவாக ஆணையை மீற முடிந்ததோ, அதே படையின் அடிமட்டத்தில் அவ்வளவு முழுமையாக மறுப்பு செத்துக் கிடந்தது. கூலியை அடிக்க மாட்டேன் என்று சொல்ல ஒரு சிப்பாய்க்கு உரிமை இருந்திருந்தால் அவன் சொல்லியிருப்பானா? ஒருவன் சொல்லியிருக்கலாம். பெஷாவரில் சொன்னார்கள்.

சிங்கப்பூர்க் கொலைகளுக்காக 1947இல் பிரிட்டிஷ் நீதிமன்றம் இருவர்க்கு மரண தண்டனை விதித்தது. சூஜி அப்போது தலைமறைவாக இருந்தார். மறைவாகவே நாடு திரும்பி, வேட்டை ஓய்ந்தபின் தம் மறைவு வாழ்வை நூலாக எழுதி விற்றார். 1952இல் ஜப்பானிய மக்கள் அவரைத் தம் நாடாளுமன்றத்துக்கே தேர்ந்தெடுத்தனர். 1961இல் லாவோஸ் சென்ற அவர் அங்கேயே காணாமற்போனார்.

அந்த 1952இல்தான் எஃபிங்ஹாம் தோட்டத்தின் பால்மரங்கள் வீழ்த்தப்பட்டுப் பெட்டாலிங் ஜெயா எழத் தொடங்கியது. அந்நகரின் தெற்கோரத்தில் இன்று கம்போங் மேடான் இருக்கிறது. காஞ்சனபுரியில் நேச நாட்டு வீரர்க்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள், பெயரும் வயதும் பொறித்து, புல் வெட்டிப் பேணப்படுகின்றன. தோட்டத்திலிருந்து போனவர்க்கு அப்படியொரு கல் இல்லை. அவர்களின் பெயர்கள், திரும்பி வராத தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு இட்ட வீடுகளில் மட்டும் புழங்குகின்றன.