சட்டமும் சபலமும்

கஞ்சாப் பொட்டலத்துடன் பிடிபடுகிறான் ஒரு மாணவன். உடனே எழுகிறது கூக்குரல்: "தண்டனை போதாது! சட்டத்தைக் கடுமையாக்கு!" கூவுவோரின் கவலை நமக்கும் உண்டு. ஆனால், பதினாறு வயதுப் பிள்ளை முதன்முதலாகக் கை நீட்டும் அந்த நொடியில் அவன் கண்முன் நிற்பது எது? சட்டப் புத்தகமா, தோழனின் ஏளனச் சிரிப்பா?

கஞ்சா புகைப்பவனுக்கு ஆறு திங்கள் வரை சிறை என்கிறது, 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம். மோகனூர்க் காவிரிக் கரையில் மாலை வேளைகளில் கூடும் விடலைகளுள் எத்தனை பேர் இதனை அறிவர்? ஆசிரியரான நாமே ஏட்டைப் புரட்டித்தான் தெரிந்துகொண்டோம். அறியாத தண்டனை அச்சுறுத்துவது எங்ஙனம்? அறிந்தவனோ, "அகப்பட்டால்தானே!" என்கிறான். அகப்படுபவன் மடையன் என்பது அந்த வயதின் வேதம். வேதமென்றால் ஆராயக் கூடாதன்றோ!

எனில், சட்டமே வீண் என்கிறோமா? இல்லை. 1937 அக்டோபர் முதல் நாள், ஆச்சாரியார் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்தது. நம் மோகனூரும் அன்று அம்மாவட்டத்தில் அடங்கியதே. அச்சட்டம் குடிப்பவனின் குணத்தை மாற்றிற்று என்று நாம் நம்பவில்லை. அது மாற்றியது தொலைவை. கூலி வாங்கித் திரும்பும் வழியில் கடை இல்லை. வேண்டுமென்றால் ஒளிந்து மறைந்து தேடிப் போக வேண்டும். தேடிச் செல்வோர் சிலர். எதிரே கடை இருந்தால் நுழைவோர் பலர். அதுவரை குடித்தே அறியாத இளைஞனுக்கு அந்தத் தொலைவே காவல்.

அதே சேலத்தை அடுத்த தாதம்பட்டியில், கள்ளுக்குப் பயன்படலாகாது என்று தம் தோப்பின் தென்னைகளை வெட்டிச் சாய்த்தவர் பெரியார். பின்னாளில் மதுவிலக்குச் சட்டத்தைக் கடுமையாக எதிர்த்தவரும் அவரே. முரண்பாடு என்று நகைத்தனர் மாற்றார். தன் தோப்பைத் தானே வெட்டுவது வேறு, பிறன் வாயைக் காவலரைக் கொண்டு கட்டுவது வேறு என்பதைப் பிரித்தறிய அவர்களுக்கு மனமில்லை. ஆயினும், அந்த உரிமை வாதம் முதிர்ந்தவனுக்கே பொருந்தும் என்போம். பதினாறு வயதுப் பிள்ளையின் 'விருப்பத்தில்' பாதி, விற்பவன் ஊட்டியது. ஊட்டியவனை விட்டு உண்டவனைச் சிறையிலிடுவது என்ன நீதி?

போர்த்துகல் நாடு 2001இல், சொந்தப் பயனுக்குச் சிறிதளவு வைத்திருப்போரைக் குற்றவாளியாக்குவதை நிறுத்திற்று. இளைஞர் கூட்டம் போதையில் மூழ்கிவிடும் என்று பதறினர் பலர். மூழ்கிவிடவில்லை.

நம் நாட்டிலும் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், சிறார்க்கு மதுவோ போதைப்பொருளோ கொடுப்போர்க்கு ஏழாண்டு வரை கடுங்காவல் என்கிறது. பாரம் ஏற வேண்டிய தோள் அது. நாமோ, பிடிபட்ட மாணவன் கையில் மாற்றுச் சான்றிதழைத் திணித்து வெளியே தள்ளுகிறோம். பள்ளி கைவிட்டவனைத் தோளில் கை போட்டு அழைத்துக்கொள்பவன் யார்? பொட்டலம் கொடுத்தவனே!

கல்விக்கூடத்திலிருந்து நூறு கஜத்துக்குள் புகையிலை விற்கலாகாது என்பது 2003ஆம் ஆண்டுச் சட்டம். அந்த நூறு கஜத்தைக் கயிறு பிடித்து அளந்த அதிகாரி எத்தனை பேர்?