உன் ஐந்தொகையை நீயே எழுது

இதழியல் வகுப்பில் முதல் வாரம் முடிவதற்குள் நாக்கு உலர்ந்துவிட்டதா, தம்பி? மெக்லூகன், லாசர்ஸ்ஃபெல்டு, ஸ்டூவர்ட் ஹால் என்று பேராசிரியர் அடுக்க அடுக்க, 'இதெல்லாம் நமக்கு எங்கே ஏறப்போகிறது' என்று கடைசி பெஞ்சில் குறுகிக்கொண்டாயா, தங்கச்சி? நிமிர்ந்து உட்கார். நீ செட்டிநாட்டுப் பிள்ளை. ஆய்வுமுறை என்ற பெயர்தான் உனக்குப் புதிது. அந்த வேலை உன் ஊருக்குப் பழக்கமானது.

பர்மாவுக்கும் மலாயாவுக்கும் வட்டிக்கடை வைத்துக் கொண்டுவிக்கப் போன நகரத்தார் எடுத்த எடுப்பிலேயே மேலாள் ஆகிவிடவில்லை. பெட்டியடிப் பையனாகப் போய் உட்கார்ந்தார்கள். எடுபிடி வேலை செய்தார்கள், கணக்குப் பழகினார்கள், அடுத்தாள் ஆனார்கள், பிறகுதான் மேலாள். ஒரு கணக்கு என்றால் மூன்று வருஷம். முனைவர் பட்டத்துக்கும் குறைந்தது மூன்று வருஷம்தான்! வரவை எழுது, பற்றை எழுது, தேதி போடு, முடிவில் ஐந்தொகை நேராக வேண்டும். ஐநூறு பக்க ஆய்வுமுறைப் புத்தகம் கேட்பதும் இதைத்தானே? தகவலை எங்கிருந்து எடுத்தாய், எப்படி எடுத்தாய், இன்னொருவர் கூட்டிப் பார்த்தாலும் அதே தொகை வருமா?

நீ நகரத்தார் வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டியதில்லை. அந்தப் பெரிய வீட்டு வாசலைப் பெருக்கிக் கோலம் போட்டவரின் பேத்தியாகவும் இருக்கலாம். பேனாவும் பேரேடும் இன்று உன் கையில் இருக்கின்றன. இனி என்ன தயக்கம்?

கோட்பாடு என்றதும் மிரளாதே. 1968இல் அமெரிக்காவின் சேப்பல் ஹில் என்ற ஊரில் மெக்கோம்ப்ஸ், ஷா என்ற இரண்டு இளம் ஆசிரியர்கள், யாருக்கு ஓட்டு என்று இன்னும் முடிவு செய்யாத 100 வாக்காளர்களைப் பார்த்து, நாட்டில் எது முக்கியமான பிரச்சினை என்று கேட்டார்கள். இன்னொரு பக்கம், அந்த ஊருக்கு வந்துசேரும் செய்திகளில் எதற்கு எவ்வளவு இடம் என்று எண்ணினார்கள். இரண்டு வரிசையும் பெருமளவு ஒத்துப்போயின. 1972இல் கட்டுரை வெளியானது. நிகழ்ச்சிநிரல் அமைப்புக் கோட்பாடு என்று உலகம் முழுக்கப் பாடம் நடத்துவது அதைத்தான். வெறும் நூறு பேர்!

'அவ்வளவுதானா, காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் நூறு பேரைப் பிடித்துவிடுவேனே' என்கிறாயா? அங்கேதான் சறுக்கும். பஸ் ஸ்டாண்டில் அகப்பட்ட நூறு பேர் ஊருக்காகப் பேச மாட்டார்கள். மெக்கோம்ப்ஸும் ஷாவும் வாக்காளர் பட்டியலிலிருந்து ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். மாதிரித் தேர்வு என்று ஒரு தனிப் பாடம் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இந்த வாரமே கையில் எடு. ஏழு நாள் தமிழ் நாளிதழ், ஒரு ஸ்கேல், ஒரு நோட்டு. தண்ணீர், விவசாயம், குற்றம், சினிமா என்று தலைப்புகள் போடு. ஒவ்வொரு செய்தியையும் அளந்து எழுது. அதே ஏழு நாளைத் தோழியிடம் கொடுத்துத் தனியாக எழுதச் சொல். பிறகு இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார். கண்மாய் ஆக்கிரமிப்புச் செய்தியை நீ தண்ணீரில் சேர்த்திருப்பாய், அவள் குற்றத்தில் சேர்த்திருப்பாள். சண்டை வரும். வரட்டும்! எதை எதில் சேர்ப்பது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து விதி எழுதுகிற அந்த நிமிஷத்தில் நீ மாணவன் என்ற நிலையைத் தாண்டி ஆய்வாளன் ஆகிறாய். உள்ளடக்கப் பகுப்பாய்வு இப்படித்தான் தொடங்கும்.

இன்னும் நம்பிக்கை வரவில்லையா? கோட்டையூருக்குப் போய் வா. காரைக்குடிக்குக் கூப்பிடு தூரம். வள்ளல் அழகப்பச் செட்டியார் பிறந்த அதே ஊரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். புத்தகம், இதழ், நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் கடைக்குப் போட்டதையெல்லாம் அவர் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பை வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள். 1994இல் அது சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக உருவானது. இன்று தமிழ் அச்சையும் நாடகத்தையும் சினிமாவையும் ஆராய்கிறவர்கள் தேடி வரும் இடம் அது. தூரிகை பிடித்தவர் ஒருவரால் இவ்வளவு முடிந்தது. பல்கலைக்கழகத்தில் இடமும், நூலக அட்டையும், வழிகாட்டியும் உள்ள உன்னால் முடியாதா?

தலைப்புக் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லாதே. காரைக்குடியில் பிறந்த படத்தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பன் 1938இல் 'நந்தகுமார்' படத்தில் பின்னணிக் குரலைச் சோதித்துப் பார்த்தார். 1947இல் வந்த 'நாம் இருவர்' காரைக்குடியிலேயே எடுத்த படம். புதுமைப்பித்தன் கொஞ்ச காலம் வேலை பார்த்த 'ஊழியன்' இதழ் இந்த ஊரில்தான் வெளிவந்தது. 'நாம் இருவர்' படத்தைக் கொட்டகையில் பார்த்த தாத்தாவும் ஆச்சியும் இன்னும் உன் தெருவில் இருக்கக்கூடும். அவர்களுக்குத் தொண்ணூறைத் தொடும் வயது. நேர்காணலை அடுத்த செமஸ்டருக்குத் தள்ளிப்போட்டால் அவர்கள் காத்திருப்பார்களா?

ஆங்கிலம் தடுக்கிறதா? தினம் இரண்டு பக்கம் படி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள். அதைக் கற்றுத்தான் ஆக வேண்டும், சலுகை கேட்காதே. ஆனால் கேள்வியை உன் தமிழில் கேள். டீக்கடையில் ஒருவர் பேப்பரை உரக்கப் படிக்க, சுற்றி நிற்பவர்கள் அவர் சொல்லும் அர்த்தத்தையே எடுத்துக்கொண்டு போவதை நீ சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறாய். லாசர்ஸ்ஃபெல்டு குழு 1940இல் ஓஹையோவின் ஈரி கவுண்டியில் வாக்காளர்களை மாதக் கணக்கில் திரும்பத் திரும்பச் சந்தித்து, செய்தி சிலர் வழியாகவே மற்றவர்களை எட்டுகிறது என்னும் இருபடிப் பாய்வு என்ற கருத்துக்கு வந்து சேர்ந்தது. உனக்குத் தெரிந்த காட்சிக்கு அவர்கள் ஆதாரம் திரட்டினார்கள். நீ இன்னும் திரட்டவில்லை. உனக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆகவே இன்று ராத்திரி ஒரு நோட்டு வாங்கு. முதல் பக்கத்தில் தேதி போடு. உன்னைத் தூங்கவிடாத ஒரே ஒரு கேள்வியை எழுது. நாளைக் காலையில் முதல் வரவை வை.